அலமாரிப் பூட்டைத் திறந்த கணித ஆசிரியர்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டுமல்ல, தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் விடியற்காலையில் ஆண்டாளின் பாடல் கேட்கிறது. அவ்வூர்ப் பெண்ணொருத்தி பாடியது ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. பெட்டியில் பத்திரமாக இருந்ததனால் அல்ல, மக்கள் வாயில் இருந்ததனால்தான் அது நின்றது. அந்தப் பாசுரங்களுக்கும் ஒரு காலத்தில் மறதி வந்தது என்றும், நாதமுனிகள் அலைந்து தேடி அவற்றை மீட்டார் என்றும் வைணவர்கள் கூறுவார்கள். மீட்டவர் அவற்றைத் தம் வீட்டு அறையில் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. தொகுத்தார், வகைப்படுத்தினார், தம் மருமக்கள் இருவருக்கு இசையோடு கற்பித்து ஊரில் வழங்கவிட்டார். நூல் நிலையம் நடத்துகிறவர் செய்ய வேண்டிய காரியங்கள் அனைத்தும் இந்தக் கதையில் அடங்கியிருக்கின்றன.

அதே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். தியாகி கலசலிங்கம் 1984-ல் அங்கே தொடங்கிய என்ஜினீயரிங் கல்லூரி, 2006-ல் நிகர்நிலைச் சர்வகலாசாலையாக உயர்ந்தது. தெற்கே சிறிது தூரத்தில் ராஜபாளையம். பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரிலும் கல்லூரி உண்டு. இந்தச் சீமையில் இளைஞர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள், டாக்டர் பட்டம் பெறுகிறார்கள். ஐந்து ஆண்டுகள் கண்விழித்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு எங்கே போகிறது? அதைப் படிக்க யாருக்கு உரிமை? அதைத் தேடி எடுக்க வழி உண்டா?

இது ஏதோ சர்வகலாசாலைக் காரியாலயத்துக்குள் தீர்க்க வேண்டிய சில்லறை விஷயம் என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் வரி கட்டும் மக்கள். பருத்திச் செடியின் நோயைப் பற்றி ஒருவர் கண்டறிந்தது அலமாரியில் உறங்குமானால், அடுத்த கிராமத்து விவசாயிக்கு அது கண்டறியப்படாததற்குச் சமம். வேறு ஊரில் வேறொருவர் அதே ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்குவார்.

இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடிய ஒரு தமிழர் உண்டு. கணித ஆசிரியராகத் தொடங்கி, உலகமே ஆசான் என்று ஏற்றுக்கொண்ட நூலகராக மறைந்தவர். அவர்தாம் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன்.

திக்குவாயும் கணிதமும்

1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர் ரங்கநாதன். தந்தை ராமாமிர்த அய்யர் சிறிது நிலபுலன் உள்ளவர். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த சிறுவனுக்குப் பேச்சுத் திக்கும். அந்தக் குறையைப் பிற்காலத்தில் விடா முயற்சியால் வென்று, மணிக்கணக்கில் சொற்பொழிவு செய்கிறவராக மாறினார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் அவருக்குக் குரு. அந்தக் குரு-சிஷ்ய உறவு கல்லூரியோடு முடியவில்லை. பின்னால் ஒரு முக்கியமான கட்டத்தில் ராஸ் மறுபடியும் வருவார். 1916-ல் எம்.ஏ. தேறிய ரங்கநாதன் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், கடைசியாகச் சென்னை மாகாணக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் வகுப்பறை பிடித்திருந்தது. சம்பளம் ஒன்றுதான் போதவில்லை.

1923-ல் சென்னைச் சர்வகலாசாலை தன் நூல் நிலையத்துக்கு ஒரு நூலகர் தேவை என்று அறிவித்தது. ஏறக்குறைய 900 மனுக்கள் வந்தன. மனுச் செய்தவர்களில் ஒருவருக்காவது அத்தொழிலில் பயிற்சி கிடையாது! ரங்கநாதனுக்கும் இல்லை. பேட்டிக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூல் நிலையம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்ததுதான் அவருடைய தயாரிப்பு முழுவதும். ஆயினும் அவர் கணிதத்தில் எழுதியிருந்த சில ஆராய்ச்சிக் கட்டுரைகள் தேர்வுக் குழுவுக்குத் திருப்தி அளித்தன. 1924 ஜனவரியில் உத்தியோகம் ஏற்றார்.

ஏற்றவர் சில வாரங்களில் திரும்பி ஓடிவரப் பார்த்தார்! வாசகர் நடமாட்டமற்ற அறையில் நாள் முழுவதும் தனியே உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிறைவாசமாக இருந்தது. பழைய ஆசிரியர் வேலையையே கொடுத்துவிடும்படி மன்றாடினார். மேலதிகாரிகள் ஒரு சமாதானம் கூறினார்கள். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வரவேண்டும்; அதன் பின்பும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்கே திரும்பிக்கொள்ளலாம். போனார். திரும்பி வந்தவர் கல்லூரியைப் பற்றிப் பேசவேயில்லை.

லண்டனில் கண்டது

லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசான் பெர்விக் சேயர்ஸ். குரோய்டன் நகர நூல் நிலையத்தின் தலைவரான அவருடைய யோசனைப்படி ரங்கநாதன் நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே கண்டது அவரைத் திடுக்கிட வைத்தது. தொழிலாளியும் வேலைக்காரியும் சிறுவர்களும் நூல் நிலையத்துக்குள் நுழைந்து, அலமாரியிலிருந்து தாங்களே புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். யாரும் அதட்டவில்லை.

நம் நாட்டில் அக்காலத்து நிலை வேறு. புத்தகம் சொத்து. அதற்குக் கணக்கு உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஒரு புத்தகம் குறைந்தால் நூலகரின் சம்பளத்தில் கை வைப்பார்கள். அப்படியிருக்க, எந்த நூலகர் அலமாரியைத் திறந்து வைப்பார்? படிக்க வருகிறவனைக் கண்டாலே அவர் வயிற்றில் புளி கரைக்கும். யாரும் படிக்காமல் இருந்தால்தான் அவருடைய வேலை பத்திரம். இதில் அந்த மனிதரைக் குறை கூறுவதில் பயனில்லை. விதி அப்படி எழுதப்பட்டிருந்தது. காப்பவனைத் தண்டித்து, பயன்படுத்துகிறவனைச் சந்தேகிக்கும் விதி அது. ரங்கநாதன் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். பூட்டைத் திறப்பதற்கு முன்பு விதியைத் திருத்த வேண்டும்.

லண்டனில் இன்னொரு காட்சியும் அவர் மனத்தில் பதிந்தது. ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருந்தார்கள். சில பட்டைகள், திருகுகள், சக்கரங்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு சமயம் வண்டி, ஒரு சமயம் பாலம், ஒரு சமயம் பாரம் தூக்கி. புத்தகங்களையும் ஏன் இப்படி வகைப்படுத்தக் கூடாது என்று கணித மூளை கேட்டது. 1925-ல் ஊருக்குத் திரும்பும்போது கப்பலிலிருந்த புத்தகங்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார் என்பார்கள்.

அந்த யோசனை வளர்ந்து 1933-ல் கோலன் பகுப்பு முறை என்ற நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னிருந்த முறைகள் அறிவு முழுவதையும் முன்கூட்டியே பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு புத்தகத்தையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திணிக்கச் சொன்னவை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பருத்திச் செடிக்கு வரும் நோயைப் பற்றி ஒருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது விவசாயமா, நோயா, ஊர் வரலாறா? ரங்கநாதன் முறையில் பயிர் ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, அதற்குச் செய்யும் சிகிச்சை ஒரு துண்டு, இடம் ஒன்று, காலம் ஒன்று. இவற்றை முக்காற்புள்ளி முதலிய குறிகளால் இணைத்தால் அந்த ஆராய்ச்சிக்குரிய எண் பிறந்துவிடும். நாளைக்குப் புதியதொரு நோய் வந்தாலும் முறை உடையாது. இன்று கம்ப்யூட்டரில் பொருளை இப்படித் துண்டு துண்டாகக் குறித்து வைத்துத் தேடுகிறார்களே, அந்தச் சிந்தனைக்கு ஆதியில் வழிகாட்டியவர்களுள் இவர் ஒருவர்.

சென்னை நூல் நிலையம் திறந்தது

திரும்பி வந்த ரங்கநாதன் சர்வகலாசாலை நூல் நிலையத்தைத் தலைகீழாக மாற்றினார். அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வருகிறவர்களுக்கு உதவுவதற்கென்றே ஆட்களை வைத்தார். வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. தாமே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். இருபது ஆண்டுகள் அங்கே விடுமுறை எடுத்ததில்லை என்று கூறுவர். கல்யாணம் நடந்த அன்று பிற்பகலே வேலைக்கு வந்துவிட்டாராம்! இதைப் பாராட்டுவதா, வீட்டாருக்காக அனுதாபப்படுவதா என்று தெரியவில்லை.

வீட்டிலும் அவருக்குச் சோதனை குறைவில்லை. முதல் மனைவி ருக்மிணி 1928-ல் திருவல்லிக்கேணிக் கோயில் குளத்தில் மூழ்கி இறந்துபோனார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். சாரதா அம்மையார் கடைசி வரை கணவரின் காரியங்களுக்குத் துணை நின்றவர்.

அதே 1928-ல்தான் பழைய குரு ராஸ் மறுபடி வருகிறார். நூல் நிலைய நடைமுறைகள் ஆயிரம் இருக்கின்றனவே, கணிதத்தில் இருப்பதுபோல் இவற்றுக்கெல்லாம் அடிப்படையான சில விதிகள் இருக்கக் கூடாதா என்று ரங்கநாதன் குழம்பிக்கொண்டிருந்தார். புத்தகம் இருப்பதே பயன்படுத்துவதற்காகத்தான் என்பதுதானே உன் முதல் விதி என்று ராஸ் போகிற போக்கில் எடுத்துக் கொடுத்துவிட்டார். மற்ற நான்கும் தாமே வந்து நின்றன. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும். வாசகனின் நேரம் வீணாகக் கூடாது. நூல் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். ஐந்து விதிகளும் 1931-ல் நூலாயின. இன்று உலகில் நூலகத் தொழில் கற்கும் மாணவர்கள் இவற்றைப் படிக்காமல் தேறுவதில்லை.

அவ்வாண்டிலேயே மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியபோது, அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதனே. 1936-ல் சர்வகலாசாலை நூல் நிலையம் சேப்பாக்கத்தில் கடலை நோக்கிய தன் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

சட்டமும் ராஜபாளையத்துக்காரரும்

ஒருவர் பாடுபட்டு ஒரு நூல் நிலையத்தைத் திறக்கலாம். அவர் போன பிறகு? அடுத்து வருகிறவர் மறுபடி பூட்டிவிட்டால் யார் கேட்பது? பணம் எங்கிருந்து வரும்? தனி மனிதரின் உற்சாகத்தை நம்பி நடப்பது நிலைக்காது, சட்டம் வேண்டும் என்பது ரங்கநாதனின் திடமான எண்ணம். 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை அவர் முன்வைத்தார். வங்கத்தில் அது முயன்று பார்க்கப்பட்டது, பலிக்கவில்லை. சென்னைச் சட்டசபையில் பஷீர் அகமது சயீது கொண்டுவந்தார், அங்கும் பலிக்கவில்லை. வெள்ளைக்கார ஆட்சிக்குப் புத்தகத்துக்காக வரி போடும் ஆசை இருக்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காரியத்தைக் கையிலெடுத்தார். 1948-ம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நிறைவேறிய முதல் நூலகச் சட்டம் இதுவே. வீட்டு வரியில் ஒரு ரூபாய்க்கு ஆறு பை, அதாவது பழைய கணக்கில் அரை அணா, நூலகத்துக்கென்று தனியே வசூலாகும். ஜில்லாவுக்கு ஒரு நூலக ஆணைக் குழு அந்தப் பணத்தைச் செலவிடும்.

சட்டம் ஏட்டில் ஏறுவது ஒன்று, ஊரில் இறங்குவது வேறு. அதை இறக்கும் பொறுப்பு வேறொரு மந்திரிசபைக்கு வாய்த்தது. 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் பதவி விலக, ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா சென்னை ராஜதானியின் முதல் மந்திரியானார். அவர் பதவியிலிருக்கும்போதே 1950-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதி எழும்பூர்க் கன்னிமரா நூல் நிலையம் ராஜ்யத்தின் மைய நூல் நிலையமாயிற்று. அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்த ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டு வரி கட்டியவர்கள், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, புத்தகத்துக்கும் சேர்த்துக் கட்டலானார்கள்.

குமாரசாமி ராஜா சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். காந்தியடிகளின் வழியில் சிறை சென்றவர். 1952 தேர்தலில் தோற்ற பின் ஒரிஸ்ஸா கவர்னராக இருந்தார். 1957-ல் காலமானார். அவருடைய செயல்களில் ஒன்றை ராஜபாளையம் மறக்காது. தாம் வாழ்ந்த வீட்டையே பொதுச் சொத்தாகக் கொடுத்து அங்கே காந்தி கலை மன்றம் ஏற்பட வழி செய்தார். பதவியில் இருந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட கதைகளே அதிகம். வீட்டைக் கொடுத்த கதைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ரங்கநாதனின் சட்டம் அத்தகைய ஒருவர் கையில் நடைமுறை கண்டது பொருத்தமே.

ஆனால் ரங்கநாதன் கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை. நூலகங்களுக்கெனத் தனி இயக்குநர் வேண்டும், அவர் அத்தொழில் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சட்டத்தை நடத்தும் வேலையோ கல்வி இலாகாத் தலைவரின் பல வேலைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தனி இயக்ககம் 1972-ல்தான் வந்தது. அவர் மறைந்ததும் அந்த ஆண்டிலேயே.

புத்தகமாகாத அறிவு

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அச்சாகிற புத்தகத்தைக் காக்க நாட்டில் சட்டம் உண்டு. 1954-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, புத்தகம் வெளியிடுகிறவர் அதன் படிகளைக் கல்கத்தாத் தேசிய நூல் நிலையத்துக்கும், சென்னைக் கன்னிமரா உள்ளிட்ட சில நூல் நிலையங்களுக்கும் அனுப்பியே தீர வேண்டும். டாக்டர் பட்டத்துக்கு எழுதும் கட்டுரையோ விற்பனைக்கு அச்சாகிற புத்தகம் அல்ல. டைப் அடித்து, நாலைந்து படி எடுத்து, கெட்டி அட்டை போட்டு, ஒன்று சர்வகலாசாலைக்கு, ஒன்று வழிகாட்டியவருக்கு, ஒன்று தமக்கு என்று முடிந்துவிடும். எந்தச் சட்டத்தின் வலையிலும் விழாத மீன் அது. முன்பு சென்னைச் சர்வகலாசாலையின் எல்லைக்குள்ளும், 1966-க்குப் பின் மதுரைச் சர்வகலாசாலையின் எல்லைக்குள்ளும் இருந்த இந்தச் சீமைக் கல்லூரிகளில் உழைத்தவர்களின் கட்டுரைகளுக்கும் இதுவே கதி.

1945-ல் ரங்கநாதன் சென்னையை விட்டார். மேலிடத்தோடு கருத்து வேறுபாடு முற்றி, ஓய்வு பெறும் வரை இருக்க நினைத்திருந்த இடத்திலிருந்து தாமே விலகினார். அந்தப் பிரிவு அவரைச் சிறிது காலம் மனச்சோர்வில் ஆழ்த்தியது. காசி இந்துச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைக்க, அங்கே போய் ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்களை இரண்டே ஆண்டுகளில் தனியொருவராக வகைப்படுத்தினார். ஐம்பது வயதைக் கடந்தவர் செய்த வேலை அது! பிறகு டில்லிச் சர்வகலாசாலை. அங்கே நூலகத் துறையில் உயர் பட்டங்களுக்கு வழி பிறந்தது.

டில்லியில் அவர் கவனம் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளின் பக்கம் திரும்பியது. ஒரு விஞ்ஞானிக்குத் தேவையான கட்டுரை பம்பாயில் இருக்கும். அவர் சென்னையில் தேடிக்கொண்டிருப்பார். எந்த ஊரில் எது இருக்கிறது என்பதே தெரியாத நிலை. தெற்காசிய நூல் நிலையங்களிலுள்ள ஆராய்ச்சிச் சஞ்சிகைகளை ஒருங்கே பட்டியலிடும் நூல் 1953-ல் அவருடைய முயற்சியில் வெளிவந்தது. 1952-ல் யுனெஸ்கோ உதவியுடன் டில்லியில் விஞ்ஞானத் தகவல் நிலையம் ஏற்பட்டதிலும் அவருக்குப் பங்குண்டு.

1957-ல் சர்வகலாசாலை மானியக் குழு, நாட்டின் கல்லூரி நூல் நிலையங்களைச் சீர்திருத்த யோசனை கூறும் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கியது. இரண்டாண்டில் அறிக்கை தயாராயிற்று. அச்சாகி வெளிவந்தது 1965-ல்! அறிக்கைகள் அலமாரியில் தூங்கக் கூடாது என்று கூறும் அறிக்கைக்கே அந்தக் கதி.

அதில் அவர் கூறியவை பெரிய தத்துவங்கள் அல்ல, கணக்கு வழக்குகள். மாணவர் ஒருவருக்கு 15 ரூபாயும், ஆசிரியர் அல்லது ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு 200 ரூபாயும் என்று கணக்கிட்டு நூல் நிலையத்துக்கு ஆண்டு மானியம் தர வேண்டும். சர்வகலாசாலை நூலகருக்குப் பேராசிரியரின் அந்தஸ்தும் சம்பளமும் வேண்டும். குமாஸ்தாவைப் போல் நடத்தப்படுகிறவர் பேராசிரியரிடம் போய், உங்கள் ஆராய்ச்சியின் படியைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பார்? திறந்த அலமாரியில் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். அதற்காக நூலகரைத் தூக்கில் போடக் கூடாது. இந்தக் கடைசி யோசனை மெள்ள மெள்ள அரசாங்க விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. இன்றைய மத்திய அரசின் பொது நிதி விதிகளில், வாசகர் கைக்குப் போகும் ஆயிரம் புத்தகங்களில் ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. அந்த ஒரு வரி எத்தனை பூட்டுகளைத் திறந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பெங்களூர்

ஜூரிச்சில் இரண்டாண்டு தங்கி எழுதிய பின், ரங்கநாதன் பெங்களூரில் குடியேறினார். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை எடுத்து, தம்மை மனம் நோக வைத்து அனுப்பிய சென்னைச் சர்வகலாசாலைக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரால் நூலகப் பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். அக்காலத்தில் ஒரு லட்சம் என்பது என்ன தொகை என்று பெரியவர்களைக் கேட்டால் கூறுவார்கள். 1957-ல் பத்மஸ்ரீ விருதும் 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

1962-ல் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நிலையத்தைத் தொடங்கினார். எளிய உணவு, எளிய உடை. விடியும் முன்பே படிப்பு. மாணவர்கள் சந்தேகம் கேட்டால் இரவு எந்நேரமானாலும் பதில் வரும். 1972 செப்டம்பர் 27-ந் தேதி, எண்பது வயதில், பெங்களூரில் மறைந்தார்.

அவர் போன பிறகு

அவர் கம்ப்யூட்டர் வலையைக் கண்டதில்லை. ஆயினும் அவர் பயிற்சி நிலையமே 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்ப்யூட்டரில் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தை நாட்டில் முன்னதாகத் தொடங்கிய இடங்களுள் ஒன்றாயிற்று. அதே பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் 2002-ல் தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கும்படி களஞ்சியம் அமைத்தது. அவ்வாண்டில்தான் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டின் பெயரால் உலக அறிஞர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆராய்ச்சி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

2009-ல் சர்வகலாசாலை மானியக் குழு கட்டாய விதி கொண்டுவந்தது. டாக்டர் பட்டம் வழங்கிய முப்பது நாட்களுக்குள் அந்தக் கட்டுரையின் கம்ப்யூட்டர்ப் படி மானியக் குழுவிடம் வந்து சேர வேண்டும். காந்திநகரிலுள்ள நிலையம் அவற்றைச் சோத்கங்கா என்ற பெயரில் திரட்டுகிறது. லட்சக்கணக்கான கட்டுரைகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. டைப் படிகளாக ஓடிக்கொண்டிருந்த மீனுக்குக் கடைசியில் வலை வந்துவிட்டது.

வலை வந்தவுடன் பழைய பூட்டுகள் புதிய உருவத்தில் வந்தன. புத்தகம் தொலையுமே என்று முன்பு பயந்தார்கள். இப்போது, என் எழுத்தைத் திருடிவிடுவார்களே என்று பயப்படுகிறார்கள். உண்மையில் திறந்து கிடக்கும் எழுத்தில் திருட்டு நடந்தால்தான் எளிதில் அகப்படும். பூட்டி வைத்த எழுத்தைத் திருடினால் யாருக்குத் தெரியும்? 2018-ல் வந்த விதிப்படி, பிறர் எழுத்தோடு பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும் கட்டுரைக்குத் தண்டனை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க இத்தகைய களஞ்சியங்கள் கைகொடுக்கின்றன.

வேறு சிக்கல்கள் இவ்வளவு எளிதல்ல. கட்டுரையைப் புத்தகமாக்கப் பதிப்பாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார். முழுவதையும் இலவசமாகப் போட்டுவிட்டால் அவர் பின்வாங்குவாரே? ஓராண்டு பொறுக்கலாமா, மூன்றாண்டா? கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டிருந்தால்? நோயாளிகளின் விவரம் அடங்கிய கட்டுரை என்றால்? தமிழில் எழுதிய கட்டுரையின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதினால், தேடுகிறவன் எதைத் தட்டுவான்? வாசகனின் நேரத்தை வீணாக்காதே என்ற நாலாவது விதி இங்கேதான் அடிபடுகிறது. இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு சர்வகலாசாலையும் உட்கார்ந்து எழுத்து மூலம் முடிவு செய்தாக வேண்டும். மெஷின் வாங்குவது ஒரு மாதக் காரியம். இந்த முடிவுகளுக்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. மெஷினை மட்டும் வாங்கிவிட்டுக் களஞ்சியம் அமைத்துவிட்டதாகத் திறப்பு விழா நடத்துகிறவர்களும் உண்டு.

எல்லாவற்றிலும் கஷ்டமானது பழைய கட்டுரைகளின் பாடு. 2009-க்கு முன் எழுதியவற்றுக்கு விதியின் கட்டாயம் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரையிலும், அதற்குப் பின் அறுபது ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. படம் பிடித்து வலையில் ஏற்ற அவர்கள் சம்மதம் வேண்டும். ஓய்வு பெற்று, ஊர் மாறிப் போனவரை யார் தேடுவது? பணம் யார் கொடுப்பது? டைப் எழுத்து மங்குகிறது. தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது.

இன்று கிருஷ்ணன்கோவிலில் பட்டம் பெறும் இளைஞர் ஒருவர் தம் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் ஒப்படைக்கும்போது, தலைப்பு என்ன, துறை என்ன, முக்கியச் சொற்கள் எவை என்று வரிசையாகக் கேள்விகள் வருகின்றன. பயிர், நோய், இடம், காலம் என்று ரங்கநாதன் பிரித்தாரே, அந்த வரிசைக்குச் சொந்தமான கேள்விகள்தாம். ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிட்டு அவர் மதுரை பஸ்ஸையோ ராஜபாளையம் பஸ்ஸையோ பிடிக்கப் போய்விடுகிறார். அவருக்கு முப்பது வருஷம் முன்பு இதே சாலையில் பஸ் ஏறி மதுரைக்குப் போய்க் கட்டுரை கொடுத்து வந்தவரின் டைப் படி, இன்னும் கெட்டி அட்டைக்குள் இருக்கிறது.